வாளி ரகம்: அடுத்த ஐந்தாண்டு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி போய்விட்டது. கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்பி வருகிறது. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில் உன்னிடம் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உன் பட்டறையில் ஓடும் அரவை மிஷின் உன் காதைத் தின்றது போதாதா, என் மானத்தையும் வாங்க வேண்டுமா? இனிமேல் கடிதம்தான்.

ஒரு நல்ல செய்தி. கம்பெனியின் பிளாஸ்டிக் பிரிவுக்கு ஐந்தாண்டுக் கணிப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது எந்தச் சரக்கு வளரும், எது தேயும், எதற்குப் புது ஆலை போடலாம் என்று நானே சொல்ல வேண்டும். ஜூலையில் இயக்குநர்கள் அதைப் படித்து முடிவெடுப்பார்கள்.

குழாய் செய்யப் போகும் பிளாஸ்டிக் குருணையைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். இழுபறியெல்லாம் வாளி செய்ய நீங்கள் வாங்கும் வாளி ரகக் குருணையில்தான். பழைய ஆலையில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்கிறதா, படுத்துவிட்டதா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வாளி செய்கிறவனையே தம்பியாக வைத்துக்கொண்டு நான் ஏன் காகிதத்தைக் கேட்க வேண்டும்? மூன்றே கேள்வி. மாதம் எத்தனை மூட்டை வாங்குகிறாய்? எந்தச் சாமான் அதிகம் போகிறது? எங்கள் வாளி ரகம் கிடைக்காமல் போனால் எதை வைத்து ஓட்டுவாய்?

இது நம் இருவரோடு இருக்கட்டும். தெருவில் மூச்சு விடாதே. உன் மனைவியின் முதுகுவலியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கணிப்பு எழுதப் போகிறாய் என்றதும் இவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி இனிமே ஜோசியரா?" என்று கேட்டாள். பயப்படாதே, வாளி விளிம்பில் பிசிறு வெட்டுகிற கத்திதான். அவள் முதுகு பரவாயில்லை. என் காது எப்போதும்போல, வேண்டாத பேச்சுக்கு நன்றாகவே கேட்கிறது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். மாதம் இருநூறு மூட்டை வாங்குகிறேன். நாலு மிஷினும் நிற்காமல் ஓடுகின்றன. பெரிய வாளி நன்றாகப் போகிறது, குவளையும் மோசமில்லை. மூன்றாவது கேள்வியை மட்டும் ஏன் கேட்டாய்? வாளி ரகம் இல்லாவிட்டால் இந்தத் தெருவில் முப்பத்தொரு பட்டறையும் ஈ ஓட்ட வேண்டியதுதான். வேறு குருணையைப் போட்டுப் பார்த்திருக்கிறோம். கைப்பிடி மாட்டும் இடத்தில் விரிசல் விடுகிறது. தண்ணீரோடு தூக்கினால் கைப்பிடி கையில் இருக்கும், வாளி காலில் இருக்கும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். என்னைத் தெரியாதா உனக்கு?

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன்
தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பெரிய உதவி. இருநூறு மூட்டையா! நாலு மிஷினா! போன தடவை நான் வந்தபோது இரண்டுதானே இருந்தன? மற்ற இரண்டை எப்போது போட்டாய், என்னிடம் சொல்லவே இல்லையே? அத்தானிடம் படித்துக் காட்டினேன். "கள்ளன், கமுக்கமா வளர்ந்துட்டான் பார்" என்றார். உன்னை நினைத்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ஆனால் மொத்த விற்பனையைப் பார்த்தால் உன் வேகம் மற்ற யாரிடமும் இல்லை. உங்கள் ஊர்க் கிடங்கிலிருந்து மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மூட்டை போகிறது. ஐந்து வருஷமாக அதே சொச்சம். அதனால் வாளி ரகத்துக்கு நேராக "நிலையாக இருக்கிறது" என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நிலையாங்கிறது ஒரு பதிலாம்மா? இயக்குநருங்க முன்னாடி ஏறணும், இல்ல இறங்கணும். நின்னா மூடிருவாங்க" என்றார். அந்த மூலையையும் குழாய் ரகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இங்கே ஒரு கூட்டமே காத்திருக்கிறது.

இன்னும் நாள் இருக்கிறது, பார்க்கலாம். வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்காமல் அவ்வப்போது வெளியே வந்து தண்ணீர் குடி.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நிறைய எழுத நேரமில்லை, மிஷின் கூப்பிடுகிறது. மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அது மேலாளர் சும்மா மிரட்டுவதற்குச் சொன்னதுதானே? ஒரு வரி எழுதிப் போடு.

உன்
தம்பி

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னாய். ஒரு மாதம் கழித்து ஒரு பக்கமே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே தலைகால் புரியாத வேலை.

மூடுகிற பேச்சே போய்விட்டதடா! மார்ச்சில் உங்கள் கிடங்கில் ஐயாயிரம் மூட்டை போயிருக்கிறது. ஏப்ரலில் ஏழாயிரம். உங்கள் ஊர் மட்டுமல்ல, இன்னும் நாலு ஊர்க் கிடங்குகளிலும் இதே கதை. கிடங்குக்காரர் போன் செய்து, "லாரி வந்து நிக்கிறதுக்குள்ள காலியாகுதும்மா" என்கிறார். மேலாளர் என் மேசைக்கே நடந்து வந்து, "பாத்தீங்களா, நின்ன குதிரை ஓடுது" என்றார். அவர் நடந்து வருகிற ஆள் இல்லை. வாளி ரகத்துக்குப் புது ஆலையே போடலாம் என்று இயக்குநர்களிடம் பேச உரை தயார் செய்கிறார். பிரிவுத் தலைவர் நாற்காலிக்கு என் பெயர் அடிபடுகிறது என்று அத்தானுக்கு யாரோ சொன்னார்களாம். மனிதர் இரண்டு நாளாகத் தானே கடைக்குப் போகிறார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஐந்து வருஷமாக அசையாமல் கிடந்தது இரண்டே மாதத்தில் எப்படி எழுந்தது? ஜனங்கள் திடீரென்று இரண்டு இரண்டு வாளியில் குளிக்கிறார்களா? தெருவில் புதிதாக ஏதாவது சாமான் செய்கிறீர்களா? வெளியூருக்கு ஏற்றுகிறீர்களா? காரணம் எழுதாமல் ஏற்றத்தை மட்டும் எழுத என் கை வரவில்லை. உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 9

தம்பிக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பட்டறை எண்ணுக்குப் போன் செய்தால் யாரோ எடுத்து, "அவர் வெளியில போயிருக்கார்" என்கிறார்கள். குரல் உன்னுடையது போலவே இருக்கிறது.

மே மாதமும் ஏழாயிரம். ஜூலை 18-ல் இயக்குநர் கூட்டம். என் பெயர் போட்டு அந்தக் கணிப்பு மேசைக்குப் போகிறது. நீ சொன்னால்தான் நான் நம்பி எழுத முடியும்.

அக்கா

*

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். மழை தொடங்கிவிட்டது. பட்டறைக் கூரையில் ஒரு இடத்தில் ஒழுகியது, நானே ஏறித் தார் பூசினேன். நீ இங்கே இருந்திருந்தால் என்னை இறங்க வைத்து அடித்திருப்பாய். பெரிய மிஷினில் சூடேற்றுகிற பட்டை போய்விட்டது. அந்த அலைச்சலில்தான் பதில் எழுத முடியவில்லை.

தெருவில் எல்லாம் நல்லபடியாகப் போகிறது. அத்தான் முழங்கால் எப்படி?

உன்
தம்பி

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நேற்று இவர் உங்களுக்குக் கடிதம் எழுதியதைப் பார்த்தேன். தார் பூசிய கதையெல்லாம் அதில் இருந்தது. வேண்டியது ஒன்றும் இல்லை. அதனால்தான் இதைத் தனியாகப் போடுகிறேன். பொய் சொல்ல எனக்கு முதுகில் தெம்பில்லை.

அண்ணி, பட்டறையில் நாலு மிஷின் இல்லை. அதே இரண்டுதான். மாதம் நூற்றிருபது மூட்டைக்கு மேல் நாங்கள் என்றைக்கும் வாங்கியதில்லை. ஆனால் இப்போது எங்களிடம் அறுநூறு மூட்டை இருக்கிறது. பட்டறையில் இடம் போதாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டிலைப் பிரித்துச் சாத்திவிட்டு மூட்டைமேல் படுக்கிறோம். புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம். பீரோவைத் திறக்கப் பதினாறு மூட்டையை நகர்த்த வேண்டும், அதனால் ஒரு மாதமாக மூன்றே புடவையில் காலம் தள்ளுகிறேன்.

ஏன் வாங்கினார் என்று கேட்பீர்கள். "கிடைக்காமல் போனால்" என்று நீங்கள் எழுதினீர்கள் அல்லவா? அதைப் படித்த அன்றே இவர் முகம் மாறிவிட்டது. "அக்கா சும்மா கேக்கிற ஆள் இல்ல. கம்பெனி நிறுத்தப் போகுது. வெளிய சொல்ல முடியாம இப்படி ஜாடையா சொல்லுது" என்றார். அடுத்த கடிதத்தில் "மூடிருவாங்க" என்று பார்த்ததும் முடிவே செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரிடம்தான் சொன்னார். பாட்டில் மூடி செய்கிற மூடிக்காரரிடம். அவருக்கு நாலு மாப்பிள்ளைகள். நாலு பேரும் நாலு ஊரில் இதே தொழில். அப்புறம் கேட்க வேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் முப்பத்தொரு பட்டறையிலும் இப்போது வாளியைவிட மூட்டைதான் அதிகம்.

ஒரு வாளிகூடக் கூடுதலாக விற்கவில்லை அண்ணி. இவருக்கு உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லை. நான் சொன்னதாகக் காட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

அண்ணாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

ஜூன் 24

தம்பி,

உன் மனைவியின் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். முதலில் சிரித்தேன். அந்த மூட்டைக் கட்டிலை நினைத்து அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை என் கணிப்பின் வரைவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அடப்பாவி, என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று தெரிகிறதா? நான் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பயந்து ஐந்து ஊர் மூட்டை வாங்கியது. அந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்து நான் வரைவில் "சந்தை வளர்கிறது" என்று எழுதியிருக்கிறேன். அதை நம்பி இவர்கள் ஆலை கட்டப் போகிறார்கள். என் குரலையே கிணற்றுக்குள் கேட்டுவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

இப்போது என் நிலைமையைப் பார். நான் வாயை மூடிக்கொண்டால் ஆலை எழும்பும். இரண்டு வருஷத்தில் வாங்க ஆளில்லாமல் நிற்கும். அதில் வேலைக்குச் சேருகிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். உண்மையைச் சொன்னால், "சரி, வளர்ச்சி இல்லை, மூடு" என்று அந்த மூலையையும் குழாய்க்குக் கொடுத்துவிடலாம். அப்போது நீயும் உன் தெருவும் நடுத்தெருவில் நிற்பீர்கள். உன் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டவளாவேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். பொய்க் கணக்கின்மேல் என் பெயரைப் போட முடியாது. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. மறுபடியும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அந்த நாலு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏன்டா நாலு மிஷின் என்று எழுதினாய்?

அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ ஐந்தாண்டுக் கணிப்பு எழுதுகிற இடத்துக்குப் போய்விட்டாய். நான் பதினாறு வருஷமாக அதே இரண்டு மிஷினோடு இருக்கிறேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. பேனா தானாக நாலு என்று போட்டுவிட்டது. நீ பெருமையாக இருக்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்தபோது பட்டறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது?

உன்னைத் திட்டுவதா? நீ சொல்லத்தான் வேண்டும். சொல்கிறதைச் சரியாகச் சொல். மூட்டை எண்ணிக்கையை வைத்துச் சந்தையைக் கணித்தால் இப்படித்தான் ஆகும், மிஷினை எண்ண வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தேன். மூடிக்காரரையும் கூட்டிக்கொண்டு முப்பத்தொரு பட்டறைக்கும் போனேன். அவர் முதலில் மாட்டேன் என்றார். "உங்க மாப்பிள்ளைங்க பரப்பினதுதானே, நீங்கதான் அள்ளணும்" என்று இவள் ஒரு அதட்டல் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டார். எத்தனை மிஷின் நிஜமாக ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை கொட்டுகிறார்கள், எத்தனை மூட்டை கையிருப்பு, எத்தனை வருஷமாக வாளி ரகம் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். சிலர் மிஷினைக் கூட்டிச் சொன்னார்கள். "நானும் அப்படித்தான் சொல்லி மாட்டிக்கிட்டேன், உள்ளதைச் சொல்லுங்க" என்றதும் சிரித்துக்கொண்டே குறைத்தார்கள்.

மாதம் நாலாயிரத்து நூறு மூட்டை. இதுதான் நிஜம். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மற்ற நாலு ஊரிலும் மாப்பிள்ளைகள் இதேபோல எடுக்கிறார்கள், பத்தாம் தேதிக்குள் உனக்கு வந்துவிடும்.

மூடினால் மூடட்டும். உனக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன்
தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டம் முடிந்தது. உன் கையெழுத்துத் தாள்களையும் மாப்பிள்ளைகள் அனுப்பியதையும் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனேன். ஒரு தாளில் எண்ணெய்க் கை அப்படியே பதிந்திருந்தது. அதை மேலே வைத்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். புது ஆலைக்கு உரை எழுதி வைத்திருந்த மனிதர் அல்லவா, அந்த உரையை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். அப்புறம், "நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் எழுந்து நின்றேன். மூன்று மாத ஏற்றம் பொய், அதைக் கிளப்பியது என் கேள்வி, கேட்டது என் தம்பியிடம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். வாங்கியது கையிருப்பில் கிடப்பதால் அடுத்த இரண்டு மாதம் அந்த ஐந்து ஊரிலிருந்தும் ஒரு மூட்டைக்கும் ஆர்டர் வராது, அதைப் பார்த்துச் சந்தை விழுந்துவிட்டது என்றும் பயப்படாதீர்கள் என்றேன். யாரோ சிரித்தார்கள்.

இயக்குநர்களில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். "வளர்ச்சி இல்ல, சரி. அப்ப எதுக்கு இதை வெச்சிருக்கணும்?" என்று கேட்டார். எழுதிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "அஞ்சு ஊர்ல நூத்தி நாப்பது பட்டறைங்க. பத்து வருஷத்துல ஒருத்தர்கூட நம்மளை விட்டுப் போகல. நிறுத்தப் போறாங்கன்னு பயம் வந்தப்பக்கூட வேற கம்பெனிக்கு ஓடல, நம்ம சரக்கைத்தான் வாங்கி அடுக்கினாங்க. நம்மகிட்ட இருக்கிற வேற எந்தச் சரக்குக்கும் நான் இப்படி எழுத முடியாதுங்க" என்றேன். அந்த அம்மா திரும்பவும் தாள்களைப் புரட்டினார். "அந்த மூலைல யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்.

புது ஆலை குழாய் ரகத்துக்கு. வாளி ரகம் இருக்கிற இடத்தில், இருக்கிற அளவில், இன்னும் ஐந்து வருஷம் ஓடும். எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்கு இல்லை. சொந்தத் தம்பியை வைத்துச் சந்தை பார்த்தவளுக்கு எப்படிக் கொடுப்பார்கள்? வருத்தமில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு மிஷினோடு பதினாறு வருஷம் தாக்குப்பிடித்தவனுக்கு என்னடா வெட்கம்? உன் தாள்கள் இல்லாவிட்டால் நான் அங்கே வெறும் கையோடு நின்றிருப்பேன். சென்ற தடவை சொன்ன பெருமை மிஷினுக்கு. இந்தத் தடவை உனக்கு.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நானே படித்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், இவள் விடவில்லை. "பயத்தை எல்லார்கிட்டயும் சொன்னீங்க, இதையும் சொல்லுங்க" என்றாள். தெருவில் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லி அத்தனை பேரையும் எங்கள் வாசலில் கூட்டிவிட்டாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று முழுக்கப் படித்தேன். நாற்காலி போன இடத்தை மட்டும் இவள் வாங்கிப் படித்தாள்.

படித்து முடித்ததும் மூடிக்காரர் கூட்டத்தில் முன்னால் வந்து, "அதெல்லாம் சரிப்பா, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு நமக்கு எவ்வளவு வளர்ச்சின்னு உங்க அக்கா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

"பூஜ்யம்" என்றேன்.

தெருவே கை தட்டியது அக்கா.

உன்
தம்பி